முதல் பாடம்

சிலி நாட்டுப் பிள்ளைகள் அந்தத் தூத்துக்குடிப் பள்ளியில் சேர்ந்தபோது, ஆசிரியர்களுக்குக் காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவி கொடுத்தார்கள். ஆசிரியை ஜெபராணி மட்டும் அவர்கள் பேசும் ஸ்பானிஷையும் கொஞ்சம் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

அன்று அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான இனேஸ் சாப்பாட்டைத் தொடவே இல்லை. ஏனென்று கேட்டதும் சிறுமி மெல்ல ஏதோ சொன்னாள்.

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்றது கருவி.

ஆனால் 'முரியோ' என்ற சொல் ஜெபராணிக்குக் கேட்டுவிட்டது. 'இறந்துவிட்டாள்' என்று அர்த்தம். கருவி ஏன் மாற்றிச் சொன்னது என்று, அங்கே வந்த தலைமையாசிரியரிடம் ஜெபராணி கேட்டாள்.

"சோகத்தையெல்லாம் அது மாத்தித்தான் சொல்லும் டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். "இல்லன்னா நம்ம வேலை ஓடாதுல்லா."

ஜெபராணி கருவியைக் கழற்றினாள். ஆறுதல் சொல்லும் அளவுக்கு அவள் இன்னும் படித்திருக்கவில்லை. தெரிந்த ஸ்பானிஷில் தட்டுத்தடுமாறிக் கேட்டாள்: "உன் அம்மா பேர் என்ன?"

"கார்மென்" என்ற இனேஸ், அவள் மடியில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள்.