யார் குனிவது?

மேனேஜர் கையிலிருந்த கோடவுன் சாவிக்கொத்து நழுவித் தரையில் விழுந்தது. மேனேஜர் அதைப் பார்த்தார். எதிரே நின்ற பில்லிங் அண்ணனும் பார்த்தார். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறான் என்று பில்லிங் அண்ணன் மனசுக்குள் கருவினார். நான் குனிகிறேனா இல்லையா என்று ஆழம் பார்க்கிறானாம்!

அந்த டைல்ஸ் கம்பெனியில் எல்லாருக்கும் அவர் பில்லிங் அண்ணன்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை, சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து பில் போடுகிற உத்தியோகம். இடுப்போ, கல்லூரியில் படிக்கும்போதே காலி. ஒரு பெண் பார்க்கிறாள் என்று நினைத்து ஹாஸ்டல் சுவரிலிருந்து வீராப்பாகக் குதித்தார். அவள் பார்க்கவே இல்லை. இடுப்பு போனதுதான் மிச்சம்.

தலை நரைத்துவிட்டது, வலி மட்டும் போன பாடில்லை. தும்மல் வந்தால்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தும்ம வேண்டும். ஷூ லேஸ் கட்டிவிடுவது மனைவி.

இதையெல்லாம் கம்பெனியில் அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இடுப்பு வலி என்று வாயைத் திறந்த லோடிங் மேஸ்திரியை, "ரெஸ்ட் எடுங்க" என்று அன்பாகச் சொல்லி ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிய புண்ணியவான்கள் கம்பெனி முதலாளிகள். அதனால் இவர் குனியாததற்கு ஆபீஸ் வைத்திருந்த பெயர், திமிர்.

இப்போது கோடவுன் இன்சார்ஜ் வேலை காலியாக இருந்தது. நடந்துகொண்டே மேற்பார்வை பார்க்கிற வேலை. தூக்குவதற்கு ஆட்கள் உண்டு. இன்னும் கொஞ்ச காலம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்து நடப்பதே சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். அதைப் பற்றிப் பேசத்தான் இன்று மேனேஜர் தம் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்.

"நாற்காலியக் காட்டினதும் தொப்புன்னு உக்காந்துடாதீங்க," என்று மனைவி காலையிலேயே எச்சரித்திருந்தாள். "எந்திரிக்கும்போது கத்துவீங்க, குட்டு உடைஞ்சிடும்."

"அப்ப நின்னுகிட்டே பேசட்டுமா?"

"பேசுங்க. மரியாதைன்னு நெனச்சுக்குவாரு."

ஆனால் புது மேனேஜர் லேசுப்பட்ட ஆளில்லை. வந்ததிலிருந்து அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாள் முழுக்க விறைப்பாக ரோந்து சுற்றிக்கொண்டே இருப்பார். எவன் எந்த மூலையில் தூங்குகிறான் என்று பார்க்கத்தான் இந்தச் சுற்று என்று முடிவுகட்டி, 'கொடிக்கம்பம்' என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள்.

"உக்காருங்க," என்றது கொடிக்கம்பம்.

"பரவாயில்ல சார். நீங்க உக்காருங்க."

"நீங்க மொதல்ல."

"ஐயையோ, நீங்க நிக்கும்போது நான் எப்படி சார்?"

இரண்டு நாற்காலிகளும் சும்மா கிடந்தன. மேனேஜர் ஷூ நுனியால் சாவிக்கொத்தை மெல்ல இவர் பக்கம் தள்ளினார்.

பில்லிங் அண்ணனுக்குச் சுருக்கென்றது. காலால் தள்ளுகிறானே, என்ன கொழுப்பு! ஆனாலும் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, தாமும் காலாலேயே பவ்யமாகத் திருப்பித் தள்ளினார். மேனேஜர் மறுபடி தள்ளினார். இவரும் விடவில்லை. மேசைக்கடியில் சாவிக்கொத்து போவதும் வருவதுமாகக் கொஞ்ச நேரம் நல்ல ஆட்டம் நடந்தது.

"உங்களப் பத்திப் பழைய மேனேஜர் சொல்லிட்டுப் போனாரு," என்றார் மேனேஜர். "யாருக்கும் வளைய மாட்டீங்களாமே?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப உக்காருங்க. உக்காந்தாத்தான் மேற்கொண்டு பேச்சு."

வேறு வழியில்லாமல் பில்லிங் அண்ணன் உட்கார்ந்தார். மேனேஜர் மட்டும் உட்காராமல், எதிரே நின்றபடியே கேள்வி கேட்டார். கோடவுனில் டைல்ஸ் ஏன் இவ்வளவு உடைகிறது? படுக்கப் போட்டு அடுக்குவதால். நிறுத்தி அடுக்கினால் உடையாது. அவசர ஆர்டர் ஏன் தாமதமாகிறது? வாசலருகே வைக்க வேண்டிய சரக்கைக் கடைசி மூலையில் வைத்திருப்பதால். பதில்கள் டக் டக்கென்று வந்தன. மேனேஜரின் முகம் மலர்ந்தது.

"பிரமாதம்! வாங்க, இப்பவே கோடவுனப் பாத்துட்டு வந்துடுவோம்."

வினை அங்கேதான் வந்தது. பில்லிங் அண்ணன் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். ஒரு கையை மேசையிலும் இன்னொரு கையை முழங்காலிலும் ஊன்றினார். பாதி எழுந்ததும் இடுப்பு அப்படியே பிடித்துக்கொண்டது.

"ஐயோ! அம்மாடி!"

வெளியே பில் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் வைத்த கண் வாங்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காலமா இப்படி?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "சின்ன வயசுல கீழ விழுந்துட்டேன் சார். அப்பலேருந்தே. திமிரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது சார். குனிய முடியாது, அவ்வளவுதான். இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் மறைச்சே காலத்த ஓட்டிட்டேன். இனிமே முடியல சார்."

மேனேஜர் விறைப்பாக நடந்துபோய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். இன்றோடு சீட்டுக் கிழிந்தது என்று பில்லிங் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேலை உங்களுக்குத்தான்."

கேட்டது நிஜம்தானா என்று அவர் கண்ணைத் திறந்தார். மேனேஜர் கிட்டே வந்து, வெளியே யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"நான் மாமரத்துலேருந்து விழுந்தேன். நீங்க எதுலேருந்து?"