விழிக்கும் நேரம்

கமலம்மா வீட்டுக் கதவை யாமினி கோபத்தோடுதான் தட்டினாள்.

நகரியில் பவர்லூம் ஓட்டும் நாற்பது பெண்களுக்கு அவளே தன் கையால் பட்டை கட்டிவிட்டிருந்தாள். வாட்ச் மாதிரி மணிக்கட்டில் கிடந்து, நாடியையும் நடையையும் தூக்கத்தையும் திருப்பதி ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பும் பட்டை.

முப்பத்தொன்பது ஒழுங்காக இருந்தன. கமலம்மாவின் பட்டை மட்டும் ஒன்பது நாளாகப் பொய் சொன்னது.

தினம் இருபத்திரண்டு மணி நேரத் தூக்கம். ஓர் அடிகூட நடக்கவில்லை. ஆனால் நாடி ஓடிக்கொண்டிருந்தது.

தறிக்காரி யாராவது இப்படித் தூங்குவாளா என்று காலையில் மையத்தின் பேராசிரியர் சத்தம் போட்டார். பட்டையை வாங்கி வந்துவிடு, அந்தப் பெயரை அடித்துவிடலாம் என்றார். புத்தூர் தாண்டி பஸ் நகரிக்குள் நுழையும் வரை, கமலம்மாவை எப்படித் திட்டுவது என்று யாமினி மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கதவு திறந்தது. கமலம்மாவின் இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன.

"பட்டை எங்கக்கா? கழட்டவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

கமலம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். யாமினி பின்னால் போனாள்.

உள்ளறைக் கட்டிலில் கமலம்மாவின் மகள் தரணி படுத்திருந்தாள்.

பத்தொன்பது வயது. நான்கு மாதத்துக்கு முன் காலேஜுக்குப் போகும்போது ஷேர் ஆட்டோ கவிழ்ந்து தலையில் அடிபட்டது; அன்றிலிருந்து கண் விழிக்கவில்லை. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனிமேல் எங்களால் ஆவது ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூக்கில் குழாயோடு அனுப்பிவிட்டார்கள்.

யாரோ அவளுக்குத் தலை வாரி, பின்னி, கனகாம்பரம் வைத்திருந்தார்கள்.

மெலிந்த மணிக்கட்டில் பட்டை இருந்தது. கடைசி ஓட்டையிலும் நிற்காததால், உள்ளே பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது. அதன் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்றது.



பட்டை கட்டிய அன்று எல்லாருக்கும் விளங்கட்டும் என்று யாமினிதான் சொல்லியிருந்தாள்: 'இது உங்க தூக்கத்தையே பார்த்துட்டு இருக்கும். நாளைக்கு எத்தனை மணிக்கு முழிப்பீங்கன்னு இன்னைக்கே சொல்லிடும்.'

மற்றப் பெண்கள் விழிக்கும் நேரங்களை வைத்து அது தரணிக்கும் ஏதோ ஒரு நேரத்தைப் போடுகிறது, அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். தரணியின் தலையில் கனகாம்பரத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

கட்டிலோரம் உட்கார்ந்து பட்டையின் கொக்கியில் விரலை வைத்தாள். தரணியின் கை கதகதப்பாக இருந்தது. கொக்கியைக் கழற்ற விரல் மறுத்தது.

தெருவெல்லாம் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன.

கமலம்மா, பட்டையோடு இணைத்திருந்த போனை எடுத்து வந்து நீட்டினாள். திரையில் சிறிய சூரியன், பக்கத்தில் விழிக்கும் நேரம்.

"தினம் சாயங்காலம் டைம் போட்டுடுது மேடம். அஞ்சே முக்கால்னு போட்டா, நான் அஞ்சுக்கே எழுந்து வெந்நீ வச்சிட்டு இவ பக்கத்துல குந்திக்கினு கீறேன்."

அவள் குரலில் அழுகை இல்லை. ரிப்பேருக்கு வந்தவரிடம் பேசுவதுபோலத்தான் பேசினாள்.

"டைம் சரியாத்தான் காட்டுது. தேதி மட்டும் எங்கியோ தப்பா கீது. அத கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க மேடம்."