பதினான்கு சிறந்த பாடல்கள்

சிங்கப்பூரில், பாசிர் ரிஸ் வீட்டின் கூடத்தில் பிற்பகல் வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாகக் கிடத்தியிருக்கிறது. செலஸ்டின் சிடி பிளேயருக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருடமாக அவருக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. அறுவை சிகிச்சை செய்த வலது காதிலிருந்து இன்று காலையில்தான் பஞ்சை எடுத்தார்கள். இந்த நாளுக்காகவே அவர் மனைவி பிலோமினா, தேக்கா பக்கத்தில் ஒரு பழைய கடையில் தேடி, அவருக்குப் பிடித்த ராக் குழுவின் சிறந்த பாடல்கள் சிடியை வாங்கி ஒளித்து வைத்திருந்தாள். பாட்டு ஓடுகிறது. அவர் கால் விரல்கள் கொஞ்சம் தாளம் போட்டுவிட்டு நின்றுவிடுகின்றன. புருவம் சுருங்குகிறது. பிலோமினா அவர் தோளைத் தொட்டு, “கேக்கலையாங்க?” என்கிறாள். “ஏமாத்திட்டாங்க லா, பிலோ. இது பழைய ரெக்கார்டிங் இல்ல. வயசானப்புறம் திரும்பப் பாடியிருக்காங்க. பாடுற ஆளுக்கு மூச்சு வாங்குது. நடுவுல வர்ற கித்தாரைப் பாதியிலயே வெட்டிட்டாங்க.” அவள் அப்படியே வெயில் விழுந்த தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். “மூச்சு வாங்குறதுகூடக் கேக்குதா?” “நல்லாவே கேக்குது. டிரம்ஸ் தகர டப்பா மாதிரி இருக்கு.” அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். “வேற என்னென்ன மோசம்? ஒண்ணு விடாம சொல்லுங்க.” அவர் எரிச்சலோடு விரல் விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு குறைக்கும் அவள் தலையாட்டி, உதடு மட்டும் அசைய ஆண்டவருக்கு நன்றி சொல்கிறாள்.