குண்டுக்கு முன் ஒரு நலம் விசாரிப்பு

"அண்ணாச்சி, நல்லாருக்கியளா? கம்பெனிக்குள்ள குண்டு வச்சிருக்கேன். எல்லாரையும் வெரசா வெளிய போவச் சொல்லுங்க, என்ன?"

பதிவு அவ்வளவுதான். முதலாளி செங்கோட்டையன் அதை மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க மேடம், குண்டு வெக்கறவன் எதுக்குங்க நல்லாருக்கீங்களான்னு கேக்கோணும்?"

சப்-இன்ஸ்பெக்டர் அனுசுயா அந்தக் கேள்வியையும் நோட்டில் குறித்துக்கொண்டார். முந்தின நாள் இந்த அழைப்பு வந்ததும் அந்தப் பனியன் கம்பெனி மொத்தமும் மங்கலம் ரோட்டுக்கு வந்து நின்றது. மோப்ப நாய் ஒவ்வொரு அட்டைப்பெட்டியாக முகர்ந்து, கடைசியில் யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ் முன்னால் படுத்துக்கொண்டது. குண்டு இல்லை. ஆனால் அன்றைக்குப் போயாக வேண்டிய சரக்கும் போகவில்லை. பேசியவன் யாரோ தொலைத்த போனிலிருந்து, வாயைத் துணியால் மூடிக்கொண்டு பேசியிருந்தான்.

கையில் இருந்தது அந்தக் குரல்தான். தெற்கத்திக் குரல்.

அதனால்தான் டெய்லர் இசக்கிமுத்து அந்த ஆபீஸ் அறையில் நின்றுகொண்டிருந்தான். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு கேட்டுக் கிடைக்காமல், போன வாரம் மேனேஜர் கன்னையனோடு எல்லோரும் பார்க்கச் சண்டை போட்டவன். 'இந்தக் கம்பெனி உருப்படாது' என்று வேறு கத்தியிருந்தான். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டான். ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்குமோ என்பதுதான் இப்போது அவன் பயம்.

"எங்கம்ம மேல சத்தியமா நான் இல்ல அண்ணாச்சி."

அந்த 'அண்ணாச்சி'யைக் கேட்டு அறையே அவனைத் திரும்பிப் பார்த்தது. இசக்கிமுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஆளைக் கண்டுபுடிக்க முடியாட்டியும் ஊரைக் கண்டுபுடிச்சுப் போடலாமுங்க மேடம்" என்று கன்னையன் முன்னால் வந்தார்.

டெலிகிராமில் 'எந்த ஊருங்க நீங்க?' என்ற குழுவை நடத்துபவர் கன்னையன். ஒருவர் பேசுவதைக் கேட்டு அவருடைய ஊரைச் சொல்வதுதான் அதில் இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு. வெறுமனே மாவட்டத்தைச் சொன்னால் சிரிப்பார்கள்; பஸ் ஸ்டாப் வரைக்கும் சொல்ல வேண்டும். சனிக்கிழமையானால் வேஷச் சுற்று. வேற்றூர்க்காரர் மாதிரி பேசிக் காட்டினால் பத்துக்கு மார்க் போடுவார்கள்.

"மொத வார்த்தையை மட்டும் வெட்டிப் போடறனுங்க. நலம் விசாரிக்கறதுலதானுங்க ஊரே தெரியும். எங்க குழுவுல எந்தப் பதிவும் அப்படித்தான் ஆரம்பிக்கோணும், ரூலுங்க."

"போடுங்க" என்றார் அனுசுயா.

போட்ட உடனே பதில்கள் வந்து விழுந்தன. கன்னையன் உரக்க வாசித்தார்.

"திருச்செந்தூர்."

"இல்லை, உடன்குடி."

"உடன்குடியேதான். கருப்பட்டி வாசம் இங்கே துபாய் வரைக்கும் அடிக்குது."

அனுசுயா திரும்பினார். "உனக்கு எந்த ஊருப்பா?"

இசக்கிமுத்து மெல்லச் சொன்னான். "உடன்குடி, மேடம்."

செங்கோட்டையன் பெருமூச்சு விட்டார். கன்னையன் மீசையைத் தடவிக்கொண்டார். அனுசுயா தன் கைபேசியை எடுத்துத் தட்டத் தொடங்கினார். ஸ்டேஷனுக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து இசக்கிமுத்து அழவே ஆரம்பித்துவிட்டான்.

கன்னையனின் கைபேசி மறுபடியும் ஒலித்தது. வாசித்துக்கொண்டே வந்தவர் பாதியில் தடுமாறினார்.

"தெக்கத்தி ஆளே இல்லை. இது வேஷம். அதுவும் மட்டமான வேஷம். பத்துக்கு ரெண்டு."

"யார் அது?" என்றார் அனுசுயா.

"கரிசக்காட்டுக்காரின்னு ஒருத்திங்க. ஒரு நாளும் வாயத் தொறந்து பேசினதில்ல. எழுதறதோட சரி. ஆனா அவ சொல்லிப்போட்டா அப்பறம் எல்லாரும் அதையேதானுங்க சொல்வாங்க."

அப்படியேதான் ஆயிற்று. திருச்செந்தூர் என்றவர், தனக்கு அப்போதே சந்தேகம் என்றார். இன்னொருவர், ரெண்டே ஜாஸ்தி, ஒன்றரை போதும் என்றார். துபாய்க்காரர், அடித்தது கருப்பட்டி இல்லை, வெறும் சீனிப்பாகு என்று திருத்திக்கொண்டார்.

இசக்கிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நானும் அதத்தான் சொல்லுதேன் சார். எங்க ஊர்ல யாரும் இப்பிடி இழுக்க மாட்டாவ."

"நீ சும்மா இருடா!" கன்னையனின் காது சிவந்துவிட்டது. "ஒன்றரையா? இவங்களுக்கெல்லாம் காது இருக்குதுங்களா? அந்த 'இருக்கியளா'வுல ஒரு சரிவு இருக்குது பாருங்க, உடன்குடிக்காரனுக்கே வராதுங்க! குளிக்கறப்ப, வண்டியில போறப்ப, மாசக்கணக்கா சொல்லிச் சொல்லிப் பழகுனதுங்க அது!"

இப்போது அறையே கன்னையனைத் திரும்பிப் பார்த்தது.

"ஆரு பழகுனது, கன்னையா?" என்றார் செங்கோட்டையன்.

கன்னையன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சரக்கு அன்றைக்கு முடிந்திருக்கவே இல்லை. பாதி பீஸ் அயர்னிங்கிலேயே கிடந்தது. "லேட்டுன்னா எந்தலை உருளுமுங்க. குண்டுன்னா சரக்கு வாங்கற பையரே ஒரு வாரம் டைம் குடுப்பானுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"டைம் கேட்டது சரி. குண்டு வைக்கும்போதுகூட உங்க ரூலை விடலையே நீங்க" என்றார் அனுசுயா.

செங்கோட்டையன் இசக்கிமுத்துவின் தோளில் கை வைத்தார். "கொடைக்குப் போய்ட்டு வா கண்ணு. எத்தன நாள் வேணுமோ எடுத்துக்க."

கன்னையனை ஜீப்பில் ஏற்றினார்கள். கம்பெனி வாசலில் கூடியிருந்த கூட்டத்தை அவர் கவனிக்கவே இல்லை. "ரெண்டுங்களா? மனசாட்சியே இல்லீங்களா?" என்று முனகிக்கொண்டே போனார்.

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்த அனுசுயா தன் கைபேசியைத் திறந்து, கரிசக்காட்டுக்காரி போட்டிருந்த ரெண்டை அழித்துவிட்டு, ஒன்பதரை என்று போட்டார்.