பச்சை விழாத பக்கம்

"வண்டி ஓட்டுறீங்களா, தூங்குறீங்களா?"

முன் சீட்டு அக்கா ஆரம்பித்துவைத்தார். உடனே பஸ் முழுக்கப் பற்றிக்கொண்டது. கால் வைக்க இடமில்லாத கூட்டம், வாய்க்கு மட்டும் இடம் இருந்தது.

சிக்னலில் மறுபடியும் சிவப்பு. குறுக்குச் சாலையில் கார்கள் வரிசையாகப் பறந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் நின்றது பஸ்ஸும் இரண்டு சைக்கிளும்தான்.

"புது சிக்னல் வந்ததிலேர்ந்தே இப்படித்தாம்மா," என்றார் டிரைவர். "நம்ம பக்கம் பச்சையே விழ மாட்டேங்குது. விழுந்தாலும் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடுது."

"அது கம்ப்யூட்டர் சிக்னல். உங்க மேல மட்டும் அதுக்கு என்ன தனிப் பகை?"

பஸ்ஸே சிரித்தது. அக்கா டிப்போவுக்குப் போன் போட்டார்.

டிரைவருக்கு முகம் வெளிறிவிட்டது. "வேண்டாம்மா. லேட்டுன்னு ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு. இன்னொண்ணு போனா வேலையை விட்டே நிறுத்திடுவாங்க. பொண்ணுங்க படிக்குதுங்க."

"எனக்கும்தான் ஆபீஸ்ல தினம் பாட்டு விழுது. யார்கிட்ட போய் அழ?"

டிப்போவில் சாட்சி கேட்டார்கள் போல. அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்ற லேப்டாப் பைக்காரரிடம் போனை நீட்டினார். கார் சர்வீசுக்குப் போயிருப்பதால்தான் பஸ்ஸில் வருவதாக, யாரும் கேட்காமலே எல்லாரிடமும் சொன்னவர் அவர்.

"படிச்சவர் நீங்க. தப்பு டிரைவர் மேலயா, சிக்னல் மேலயா? சொல்லுங்க சார்."

டிரைவர் கும்பிடாத குறையாக அவரையே பார்த்தார்.

அவர் சிக்னல் கம்பத்துக் கேமராவை ஒருமுறை பார்த்தார். பிறகு போனை வாங்கி, "சிக்னல்ல ஒரு கோளாறும் இல்லை. டிரைவர்தான் மெத்தனம்," என்றார்.

படித்தவரே சொல்லிவிட்டதில் பஸ்ஸுக்குப் பரம திருப்தி. ஒருவழியாகப் பச்சை விழ, டிரைவர் வண்டியை எடுத்தார்.

லேப்டாப் பைக்காரர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே இருந்த அலுவலக மாடிக்கு ஓடினார். அங்கே சிக்னல் பற்றிய ஆலோசனைக் கூட்டம் ஆரம்பித்திருந்தது.

"வாங்க, வாங்க," என்றார் தலைவர். "நீங்க எழுதின சிக்னல் புரோகிராம் பிரமாதம்! கார் எல்லாம் பறக்குதே, எப்படி?"

"எந்தப் பக்கம் வண்டி அதிகமோ, அந்தப் பக்கம் பச்சை. கேமராவே எண்ணிடும் சார்."

"அறுபது பேர் வர்ற பஸ்ஸை எப்படி எண்ணும்?"

"அதுவும் ஒரு வண்டிதான் சார்."

"ஜனங்ககிட்டேர்ந்து புகார் ஏதாவது?"

லேப்டாப்பைத் திறந்துகொண்டே சொன்னார்.

"சிக்னல் மேல ஒண்ணுகூட வரல சார். வர்றதெல்லாம் டிரைவருங்க மேலதான்."