இருபது கிலோமீட்டர்

டமார் என்ற சத்தத்தில் டயர் கடைக்காரர் குடித்துக்கொண்டிருந்த டீ அவர் சட்டையில் கொட்டியது. வாசலில் வந்து நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் முன்டயர் வெடித்திருந்தது.

"நல்லவேளை, வந்து சேர்ந்தப்புறம் வெடிச்சுது" என்றபடி அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். அவள் கணவர் இங்கேதான் டயர் மாற்றுவார். கடைசியாக மாற்றிய மறுநாள் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு வருடம் ஆகிறது.

"நாளைக்கு வண்டியை வாங்கறவங்க வராங்கண்ணே. சுமாரான டயரா நாலு போட்டா போதும்."

"நான் போட்ட டயர் அதுக்குள்ள எப்படிம்மா வெடிக்கும்?"

ரோஷத்தோடு, அப்போது டயர் மாற்றிய விவரம் எழுதிய பழைய அட்டையைத் தேடி எடுத்தார். அன்றைக்கு மீட்டர் 41,200. இன்றைக்கு 41,220. கடையிலிருந்து அவள் வீடு பத்து கிலோமீட்டர். அன்று போனது பத்து, இன்று வந்தது பத்து. ஆனால் நாலு டயரும் வழுக்கையாகியிருந்தன.

"வண்டியை யாரும்மா எடுக்கறாங்க?"

"யாரும் இல்லண்ணே. சாவி என் பீரோவுலதான் இருக்கு."

அவர் டயரின் வெளி ஓரத்தைத் தடவினார். அங்கேதான் தேய்மானம் அதிகம். "வளைவுல வேகத்தைக் குறைக்காம திருப்பினாத்தான் இப்படித் தேயும். உங்க வீட்டு சார்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்."

அவளும் அந்த ஓரத்தில் கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு வாங்க இருந்தவருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றாள்.

"மழையில வழுக்காத டயரா, இருக்கறதுலயே நல்லதா போடுங்கண்ணே. சொன்னா கேக்கற ஆளா அவர்?"