பெண்களுக்கு மட்டும், நான்கு முதல் ஆறு

"கையை மட்டும் விட்டுடாதீங்கம்மா. என் வீட்டம்மாவுக்குத் தண்ணின்னாலே உதறல்."

நீச்சல் குளத்து வாசலில் நின்று அவர் இதைச் சொல்வது மூன்றாவது முறை. நீச்சல் சொல்லித்தரும் பெண் சலிக்காமல் தலையாட்டினாள். கதவில் 'பெண்களுக்கு மட்டும், நான்கு முதல் ஆறு வரை' என்று எழுதியிருந்தது.

"கவலைப்படாதீங்க ஐயா. இன்னிக்கு இடுப்பளவு தண்ணியிலதான் பாடம்."

"இடுப்பளவா? முழங்காலோட நிறுத்திக்குங்க."

கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய நீச்சல் உடைக்கு மேல் அங்கியைப் போர்த்திக்கொண்டு, அவர் மனைவி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

மகள் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்து கொடுத்த ஹோட்டல். அறையில் மக்கா இருக்கும் கிப்லா திசைக்கு அம்புக்குறி, மடித்து வைத்த தொழுகை விரிப்பு, சந்தேகமில்லாமல் சாப்பிட ஹலால் சமையல். எல்லாமே அவருக்குப் பிடித்திருந்தது, இந்தக் குளத்தைத் தவிர. ஆனால் வாய் திறந்து எதுவும் கேட்காதவள் கேட்ட ஒன்று இது. தடுக்க மனசு வரவில்லை.

"கல்யாணமான புதுசுல நாங்க போன படகு கவுந்துடுச்சும்மா," என்றார். "மூழ்கப் போனவளை நான்தான் கரை சேர்த்தேன். கண்ணைத் திறந்தா, பக்கத்துல நனைஞ்ச கோழி மாதிரி உக்காந்திருக்கா. எப்படி இழுத்துட்டு வந்தேன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். முப்பத்தெட்டு வருஷமா ஆறு, குளம் எதுலயும் இவளைக் கால் வைக்க விட்டதில்லை."

"நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி.

"நான் நகர மாட்டேன். பயமா இருந்தா ஒரு குரல் குடு."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நாலு பக்கமும் உயரமான சுவர். ஏழெட்டுப் பெண்கள் தண்ணீரை வாரி இறைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆம்பளைங்க யாரும் எட்டிப் பாக்க முடியாதுல்ல?"

"காக்கா வந்து உக்காந்து பாத்தாத்தான் உண்டும்மா."

"அவராலயும் முடியாதுல்ல?"

"ஐயாவாலயும்தான்."

அவள் அங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள். பயிற்சிக்காரப் பெண் படியில் இறங்கிக் கையை நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அந்த அம்மா அவளைக் கடந்து ஆழமான பக்கம் நடந்து, 'பிஸ்மில்லாஹ்' என்று ஒரே பாய்ச்சலாகக் குதித்தாள். மறுகரையில்தான் தலை தெரிந்தது. திரும்பினாள். மறுபடி திரும்பினாள். நாலாவது சுற்றில் மற்ற பெண்கள் நீந்துவதை விட்டுவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. "என்ன அங்க சத்தம்? அவ நல்லாத்தானே இருக்கா?"

அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு குரலை மெலிதாக்கினாள். "இருக்கேங்க. முழங்கால் தண்ணியிலதான் நிக்கிறேன்."

"அப்படித்தான். பயப்படாதே, நான் இங்கதான் இருக்கேன்."

பயிற்சிக்காரப் பெண்ணுக்கு வாய் மூடவில்லை. "யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரு சொல்லித்தரணும்? ஆத்தங்கரையில பொறந்தவ நான். நடக்கறதுக்கு முன்னாடி நீந்தினேன்."

"அப்ப ஐயா சொன்ன அந்தப் படகு?"

"கவுந்தது நிஜம்தான். மயக்கம் தெளிஞ்சு எழுந்தவரைச் சுத்தி ஊரே நின்னு, பொண்டாட்டியைக் காப்பாத்தின மாப்பிள்ளைன்னு தோள்ல தூக்கிடுச்சு. அப்ப அவர் முகத்தைப் பாக்கணுமே நீ." அவள் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, முகத்து நீரை வழித்தபடி சின்னப் பெண்ணைப்போலச் சிரித்தாள். "முடியைப் பிடிச்சு அவரைக் கரைக்கு இழுத்துட்டு வந்தது நான்தான்னு அதுக்கப்புறம் எப்படிம்மா சொல்றது?"